டெம்ப்சி ஹில் பட்டாளக் கட்டடங்கள்: யாருக்காகக் கட்டினது, எப்படி இடிபடாம நின்னுச்சு?

வைகைக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரை, வேலைக்காக சிங்கப்பூர் வந்து செங்காங்ல இருக்கேன். போன வாரம் ஆபீஸ் விருந்து டெம்ப்சி ஹில்ல. நீள நீளமான கட்டடங்கள், ஓட்டுக் கூரை, சுத்தித் தாழ்வாரம், சுவத்துல பெருசா பிளாக் நம்பர். பார்த்ததும் எனக்கு வெலிங்டன் ஞாபகம் வந்துருச்சு. எங்க தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட். சின்ன வயசுல குன்னூர் போறப்பல்லாம் ஸ்ரீநாகேஷ் பாரக்ஸை, அதாவது பட்டாளக் குடியிருப்பை, வெளியில நின்னு காட்டுவாரு. அதே சாயல் இங்கேயும் இருக்கு.

கூட வேலை பாக்குறவங்க "பழைய ஆர்மி கேம்ப்"னு ஒரு வரியில முடிச்சுட்டாங்க. எனக்கு அது போதல. இங்க இருந்தது யாரு? வெள்ளைக்காரப் பட்டாளமா, நம்ம ஊருச் சிப்பாய்களா? ஊர்ல எத்தனையோ பழசை இடிச்சுட்டாங்களே, இது மட்டும் எப்படித் தப்பிச்சுது? டிசம்பர்ல அப்பா வர்றாரு. இந்த மாதிரி விஷயம்னா அவருக்கு உயிர். ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போகணும்னா எங்கெல்லாம் போகலாம்னு சொல்லுங்க.

பாயாலெபார்

எங்க அண்ணன் என்எஸ்க்குப் (தேசிய சேவைக்கு) போனது அங்கிருந்துதான். அப்ப ஆள் சேக்குற ஆபீஸ் சிஎம்பிபி டெம்ப்சி ரோட்டுல இருந்துச்சு. வீட்டாளுங்க வந்து வழியனுப்புவாங்க, பையன்களை த்ரீ டன்னர் ராணுவ லாரியில ஏத்திக் கேம்புக்குக் கொண்டுபோவாங்க. அப்பாவைக் கூட்டிட்டுப் போனா சாமிஸ் கறியில சாப்பிடுங்க. பழைய சிவில் சர்வீஸ் கிளப் கட்டடம், வாழை இலையில மீன் தலைக் கறி. வரலாறு எனக்குத் தெரியாது. பழையஓடு அண்ணன் பார்த்தா எழுதுவாரு.

பழையஓடு

தங்கச்சி, அந்த இடத்தை எனக்கு இரண்டு வகையில் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் தேசிய சேவைக்கு நானும் அங்கேதான் போய் நின்றேன். பின்னால் பழைய அரசாங்கக் கட்டடங்களில் கூரை வேலையும் மர வேலையும் எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளராக இருந்தேன். அதனால் இந்த மாதிரிக் கட்டடங்களை ஓட்டுக்கு அடியில் ஏறிப் பார்த்த பழக்கம் உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குன்று முதலில் ஜாதிக்காய்த் தோட்டம். மவுண்ட் ஹேரியட் என்று பெயர். 1850களில் சிங்கப்பூர் முழுக்க ஜாதிக்காய் மரங்களில் நோய் விழுந்து, தோட்டக்காரர்கள் நொடித்துப்போனார்கள். அதே சமயத்தில் 1857ல் வட இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அப்போது சிங்கப்பூர் இந்தியாவிலிருந்து ஆளப்பட்ட ஊர். இங்கே காவலுக்கு இருந்ததே மதராஸ் காலாட்படைச் சிப்பாய்கள்தான். வெள்ளைக்கார வணிகர்களுக்கு அந்தக் காவல் மீதே பயம் வந்துவிட்டது. 1858ல் கேப்டன் கோலியர் என்ற பொறியாளரை அனுப்பினார்கள். ஃபோர்ட் கேனிங் அரண் அவர் எழுப்பியது. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் இருக்கும் கோலியர் கீ அவர் பெயரில்தான் இருக்கிறது. ஐரோப்பியப் படை ஒன்று நிரந்தரமாக இங்கே இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் இந்தக் குன்றை வாங்கி, 1860களில் பாரக்ஸ் கட்டினார்கள். டாங்ளின் பாரக்ஸ் என்பது அதன் பெயர், இன்றைய டெம்ப்சி ஹில் அதுதான். ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: அது வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகக் கட்டியது. நம் ஊர்ச் சிப்பாயை நம்ப முடியாது என்ற பயத்துக்கும் அதில் பங்கு உண்டு.

கட்டடத்தின் வடிவத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து வெள்ளைப் பட்டாளத்துக்குப் போரைவிடக் காய்ச்சலும் பேதியும்தான் எமன். கெட்ட காற்றுதான் நோய் தருகிறது என்று அப்போதைய மருத்துவர்கள் நம்பினார்கள். ஆகவே குன்றின் மேல் இடம், தரையை விட்டு உயர்த்திய தளம், நான்கு பக்கமும் தாழ்வாரம், எதிரெதிராகக் கதவும் ஜன்னலும். கூரையின் உச்சியில் இன்னொரு குட்டிக் கூரை தூக்கி நிற்கிறதே, நாங்கள் ஜேக் ரூஃப் என்போம். அந்த இடைவெளி வழியாகச் சூடான காற்று மேலேறி வெளியே போய்விடும். ஆரம்பத்தில் மேலே வேய்ந்தது அத்தாப்புக் கீற்று, ஓடு பிறகு வந்தது. இன்றைக்கு நிற்பதெல்லாம் 1860களின் கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் கட்டியதும் மாற்றியதும் கலந்துதான் நிற்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு மாறவில்லை. நான் ஏறிய கட்டடங்களில் மத்தியான வெயிலில்கூட மின்விசிறி இல்லாமல் வேலை செய்ய முடிந்தது. குளிரூட்டிக்காகப் பொய்க்கூரை அடித்து மேலே காற்று வழியை மூடிய கட்டடங்களில் மட்டும் மரம் புழுங்கி, கரையான் ஏறியிருக்கும். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவருக்கு மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று உப்புப் பூக்கும். டெம்ப்சி போகும்போது அப்பாவைத் தாழ்வாரத்தில் நிறுத்தி அந்தக் கூரை உச்சியைக் காட்டுங்கள், பிளாக் நம்பரைவிட அதுதான் பார்க்கவேண்டியது.

இனி நம் ஊர்ச் சிப்பாய்கள். அவர்கள் இருந்த இடம் ஊட்ரம் பக்கம், பெயர் சிப்பாய் லைன்ஸ். இன்றைக்குப் பொது மருத்துவமனை நிற்கிற இடம். மருத்துவமனை அங்கே 1882ல் வந்தது, மருத்துவப் பள்ளி 1905ல். இந்தியப் படைகளில் அப்போது சிப்பாய் தன் குடிசையைத் தானே போட்டுக்கொள்வதுதான் வழக்கம். கீற்றும் மூங்கிலும் எத்தனை வருடம் நிற்கும்? தஞ்சாவூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் படையில் சேர்ந்தவர்கள் பல பத்தாண்டுகள் காவல் காத்த இடத்தில் பெயரைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான். பழைய கட்டடத்தைக் காப்பாற்று, மறுபடி பயன்படுத்து என்று பேசுகிறோம், சரி. ஆனால் யாருக்கு நல்ல கட்டடம் கட்டிக்கொடுத்தார்களோ அவர்கள் கதைதான் மிஞ்சுகிறது. குடிசையில் இருந்தவன் கதையைச் சொல்லக் கட்டடம் கிடையாது, அதை வேறு வழியில்தான் சொல்லவேண்டும். சொன்னவர்கள் குறைவு.

டாங்ளினுக்கு இன்னொரு பெரிய கதை இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திய எம்டன் கப்பலை உங்கள் அப்பாவுக்குச் சொல்லவே வேண்டாம். அந்தக் கப்பலைச் சேர்ந்த ஜெர்மானியர் சிலரைப் பிடித்து, மற்ற ஜெர்மானியர்களோடு டாங்ளினில்தான் அடைத்து வைத்தார்கள். லாவ்டர்பாக் என்ற அதிகாரியும் அதில் ஒருவர். 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். அலெக்சாண்ட்ரா பாரக்ஸில் இருந்த 5ஆம் இலகு காலாட்படை கிளர்ந்தெழுந்தது. வட இந்திய முஸ்லிம்கள் கொண்ட படை அது. துருக்கியோடு போரிட அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு பரவியிருந்தது, உண்மையில் அவர்கள் போகவேண்டியது ஹாங்காங்குக்கு. ஒரு கூட்டம் டாங்ளினுக்கு ஓடி, காவலரைச் சுட்டு, ஜெர்மானியரைத் திறந்துவிட்டது. பெரும்பாலான ஜெர்மானியர்கள் சேர மறுத்துவிட்டார்கள். லாவ்டர்பாக்கும் சிலரும் தப்பிப் போனார்கள். அடக்கிய பிறகு 47 சிப்பாய்களுக்கு மரண தண்டனை. ஊட்ரம் சிறைச் சுவர் முன்னால் நிறுத்தி, ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கச் சுட்டார்கள். அந்தச் சிறையும் இப்போது இல்லை. டெம்ப்சியில் இன்றைக்குச் சாப்பிட வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அது எப்படித் தப்பியது என்று கேட்டீர்கள். 1968 ஜனவரியில், படைகளை 1971க்குள் திரும்ப அழைத்துக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்த நாடு இது. விட்டுப்போன கட்டடம் ஒவ்வொன்றையும் வேலைக்குப் பயன்படுத்தியாகவேண்டிய கட்டாயம். 1972ல் தற்காப்பு அமைச்சு டாங்ளினுக்குக் குடிவந்தது, 1989ல் கோம்பாக் குன்றுக்குப் போனது. சிஎம்பிபியும் டெப்போ சாலைக்கு மாறியது. பிறகு கம்பளக் கடை, பழைய மரச் சாமான் கடை என்று சில காலம். 2000களின் நடுவில்தான் நில ஆணையம் டாங்ளின் வில்லேஜ் என்று பெயர் வைத்து முறையாக வாடகைக்கு விட, உணவகங்கள் வந்தன. கை மாறிக் கை மாறி எப்போதும் யாராவது உள்ளே இருந்தார்கள். ஆள் இருந்தால் ஓடு உடைந்தால் மாற்றுவார்கள். ஆளில்லாத ஓட்டுக் கட்டடம் இந்த ஊர் மழைக்குத் தாங்காது.

வரைபலகை

அண்ணன் சொன்ன ஜேக் ரூஃப் விஷயத்தைக் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளுக்கு நான் வகுப்பில் காட்டுவதுண்டு. கில்மன் பாரக்ஸ் பற்றி நான் சேர்க்கிறேன், வைகைக்கரை கேட்ட ‘எப்படித் தப்பியது’ என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

1936ல் கட்டியது, ஜெனரல் வெப் கில்மன் பெயர். டாங்ளின் போலத் தாழ்வான கட்டடங்கள் அல்ல, மலைச்சரிவில் மாடிக் கட்டடங்கள். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைவதற்கு முந்தைய நாட்களில் அந்த வட்டாரத்தில் கடும் சண்டை நடந்தது. 1971க்குப் பிறகு சிங்கப்பூர் ராணுவத்தின் பொறியாளர் பள்ளி இருந்தது, அப்புறம் உணவகங்கள். 2012 செப்டம்பரில் ஓவியக் கூடங்களாகத் திறந்தார்கள். வெளிநாட்டுக் கூடங்களெல்லாம் வந்தன. சில வருடங்களிலேயே பல கூடங்கள் மூடின. கட்டடத்தில் குறை இல்லை. வழிப்போக்கர் யாரும் தற்செயலாக வந்து சேரும் இடம் அல்ல அது. குன்றின் மடியில் ஒதுங்கி இருக்கும். பட்டாளத்துக்கு அந்த ஒதுக்கம்தான் தேவை, கடைக்கு அதுவே பகை. டெம்ப்சிக்குக் கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களும் சுற்றிலும் தூதரக வட்டாரமும் துணை.

இன்னொன்று, அரசு நிலத்துக் கட்டடங்களில் குத்தகை குறுகியது. சில வருடங்களில் காலி செய்யச் சொல்லக்கூடும் என்றால் எந்த வாடகைதாரர் சுண்ணாம்புச் சாந்துக்குச் செலவழிப்பார்? மலிவாக எமல்ஷன் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். கில்மனில் வீடுகள் கட்டும் திட்டத்துக்கு இப்போது ஆய்வு நடக்கிறது. பழைய கட்டடங்களில் எவை நிற்கும் என்பதை நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆனால் அண்ணே, ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. உணவகம் வந்ததால் கதை அழிந்தது என்ற தொனி உங்கள் பதிவில் இருக்கிறது. உணவகத்தின் வாடகைதான் அந்தக் கூரைக்குப் பணம்.

பழையஓடு

நீங்கள் சொல்வது சரிதான் அம்மா, உணவகத்தை நான் குறை சொல்லவில்லை. பட்டாளமே தொடர்ந்து இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்குச் சாங்கி பக்கம் இருக்கும் செலாராங் பாரக்ஸ் சாட்சி. 1942 செப்டம்பரில் தப்பியோட மாட்டோம் என்று கையெழுத்துப் போட மறுத்த 15,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளை ஜப்பானியர் அந்த பாரக்ஸ் சதுக்கத்தில் நெருக்கி அடைத்தார்கள். தப்ப முயன்ற நால்வரைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த ஊரில் இதைவிடக் கனமான பாரக்ஸ் கதை இல்லை. ஆனால் செலாராங் இன்றும் ராணுவ முகாம், ராணுவத்துக்குப் புதிய கட்டடம் தேவைப்பட்டது, பழைய பிளாக்குகளை எண்பதுகளில் இடித்தார்கள். அதிகாரிகள் மெஸ் மட்டும் மிஞ்சியது. ஆகவே உணவகத்தால் டெம்ப்சி பிழைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது வேறு. வாடகை வாங்கும்போது ஒவ்வொரு பிளாக்கிலும் யார் இருந்தார்கள் என்று தாழ்வாரத்தில் எழுதி வைப்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கட்டும். நான்கு மொழியிலும். 1915ஐயும், என்னைப் போல அங்கே பெயர் கொடுத்த பையன்களையும் சேர்த்து.

கேன்பராக்காரன்

இவ்வளவு நேரம் சிப்பாய்களைப் பத்தியே பேசுறோம். தளத்துல வேலை செஞ்ச நம்ம ஆளுங்களை விட்டுட்டோம். எங்க அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்துல கூலியா சேந்தவரு. தமிழர், மலையாளி, தெலுங்கர்னு தளத்துக்குள்ளயே தொழிலாளர் குடியிருப்பு. 1968 அறிவிப்பு வந்ததும் எங்க வீட்டுல விழுந்த மௌனம் எனக்கு இன்னும் நினைவிருக்கு. குடியுரிமை இல்லாத எத்தனையோ பேரு பணிக்கொடையை வாங்கிக்கிட்டு ஊருக்குக் கப்பலேறிட்டாங்க. அப்பாவோட கூட்டாளிங்க பாதிப்பேரு போயிட்டாங்க. பட்டறை 1968லயே செம்பவாங் ஷிப்யார்டா மாறினதால அப்பாவுக்கு வேலை நின்னுச்சு.

அதிகாரிங்க இருந்த கறுப்பு வெள்ளை பங்களாக்கள் இன்னைக்கும் வாடகைக்குப் போகுது. எங்க லைன் வீடு எதுவும் இல்ல. பழையஓடு அண்ணன் ஊட்ரம் பத்திச் சொன்னதேதான் இங்கயும்.

ஆனா ஒன்னு மட்டும் நின்னுச்சு. கேன்பரா ரோடு பக்கம் மரத்தடியில தளத்து ஆளுங்க கும்பிட ஆரம்பிச்ச முருகன் கோயில். 1967லேர்ந்து பங்குனி உத்திரம். இடம் மாறி இப்ப ஈசூன்ல புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமா இருக்கு. காவடி இன்னைக்கும் எடுக்குறாங்க. கட்டடம் போனாலும் ஆளுங்க சேர்ந்து வைச்சது நிக்கும்னு நான் நம்புறேன். உங்க அப்பா வந்தா ஒருநாள் அங்கயும் கூட்டிட்டு வாங்கம்மா.

வைகைக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத்தனை பதில் வரும்னு நினைக்கல. எம்டன் பகுதியை அப்பாவுக்கு போன்ல வாசிச்சுக் காட்டினேன். "மெட்ராஸ்ல குண்டு போட்டவனை அங்க வச்சா பூட்டினாங்க"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டாரு. மதராஸ் சிப்பாய்கள் இருந்த ஊட்ரமையும் பாக்கணுமாம், ஒன்னும் இல்லைன்னாலும் பரவாயில்லையாம். பழையஓடு அண்ணே, ஒரே நாள்ல முடியுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கு, நெறைய நடக்க முடியாது.

பழையஓடு

தாராளமாக முடியும் தங்கச்சி. முதலில் ஊட்ரம் பார்க் போங்கள், அப்பா ஆசைப்படும் வரிசையும் அதுதான். மருத்துவமனை வளாகத்தில் 1926ல் கட்டிய பௌயர் பிளாக், மணிக்கூண்டோடு நிற்கும். அதில் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், மூடியிருந்தால் சனிக்கிழமையோ வாரநாளோ மாற்றிக்கொள்ளலாம். அங்கிருந்து தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் லைனில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் நேப்பியர், வண்டி மாறவேண்டியதில்லை. நேப்பியரிலிருந்து டெம்ப்சிக்கு நடந்தால் மேடு, அப்பாவுக்காக டாக்சி பிடித்துவிடுங்கள், பக்கம்தான்.

மேலே போனதும் முதலில் மின்டன் சாலை செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைப் பாருங்கள். பட்டாளத்துக்காக 1910களில் கட்டிய செங்கல் கோயில், ஜப்பானியர் காலத்தில் வெடிமருந்துக் கிடங்காக இருந்தது, 1978ல் தேசிய நினைவுச் சின்னம் ஆனது. ஞாயிறு காலை ஆராதனை நடக்கும், முடியும்வரை வெளியே இருங்கள். அதன் பிறகு பாயாலெபார் தம்பி சொன்ன இடத்தில் மத்தியானச் சாப்பாடு, பன்னிரண்டுக்கு முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். கில்மனை அன்றைக்கே சேர்க்கவேண்டாம், அங்கே படிகள் அதிகம். வேறொரு நாள் லாப்ரடார் பார்க் நிலையத்தில் இறங்கிப் போகலாம். டிசம்பர் என்றால் மத்தியானம் மழை பிடித்துக்கொள்ளும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், அன்றைக்கு எனக்கு வேலை இல்லையென்றால் நானே வந்து கூரையைக் காட்டுகிறேன்.